யார் பங்கில் என் மோட்டார்?

நான் இதுவரை எழுதியதிலேயே ஒற்றுப்பிழைகூட இல்லாத சுத்தமான தமிழ்க் கடிதம் ஒன்று உண்டு. அந்தக் கடிதம்தான் மண்ணூரில் முக்கால் ஏக்கர் நெற்பயிரைக் காயவைத்தது. சர்வீஸ் பிரிவில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஒரே செய்தியை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போகிறீர்கள். அதனால் இதை உங்களிடம் சொல்லிவிடுவது நல்லது. மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுவது எப்படி என்று சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது வேறு சரக்கு.

இது 1991-இல் நடந்தது. அப்போது ஒரகடம் ரோட்டில் இருந்த கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கழனி, நடுவில் நம் தொழிற்சாலையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத பஸ்ஸைப் பிடித்து வந்து சேருவேன். எனக்கு முப்பத்திரண்டு வயது. சர்வீஸ் பிரிவுக்குப் பொறுப்பாளன். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கிணற்று மோட்டார் செய்யும் நம் கம்பெனியை அண்ணன், தம்பி இருவர் நடத்தினார்கள். அவர்களுடைய அப்பா தொடங்கியது. பெரியவர், சின்னவர் என்றுதான் நாங்கள் சொல்வோம். பெரியவர் நாலு வார்த்தை பேசினால் அன்று மழை வரும். சின்னவர் நிறுத்தினால்தான் மழை. மத்தியானம் இருவருக்கும் ஒரே டிபன் கேரியர் வரும். ஆபீஸ் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து அதைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது மாத்து மோட்டார். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டித் திருப்பித்தர எங்களுக்குப் பத்து நாள் ஆகும். பயிர் பத்து நாள் பொறுக்காது. ஆகவே, எரிந்த மோட்டாரை இங்கே இறக்கிவிட்டு, ஸ்டோரில் தயாராக இருக்கும் மோட்டார் ஒன்றை ஏற்றிக்கொண்டு போய்விடலாம். தன்னுடையது சரியானதும் மாற்றிக்கொள்ளலாம். அப்பா காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. இதற்கு விண்ணப்பமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. நம் மோட்டாரைவிட மலிவாக மெட்ராஸில் கிடைக்கும். இருந்தும் சுற்று வட்டாரத்தில் நம்முடையதைத்தான் வாங்கினார்கள் என்றால் காரணம் இதுதான். எனக்கு அது அப்போது புரியவில்லை. நம் மோட்டாரின் தரத்துக்காக வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் ஷேர் பேச்சு. ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கூட அதைத்தான் பேசினார். நம் முதலாளிகளுக்கும் அந்த யோசனை வந்தது. புது மெஷின்கள் வாங்க வேண்டும், வெளியாரிடம் ஷேர் விற்று அதைச் செய்யலாமா என்று மெட்ராஸிலிருந்து ஆலோசகர்கள் வந்து போனார்கள். முடிவாகவில்லை. ஆனால் வதந்திக்கு முன்னால் நம் வாயாலேயே வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றார் பெரியவர். சின்னவர் என்னைக் கூப்பிட்டு, நல்ல தமிழில் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவன் நான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான் சொல்லியிருந்தேன்.

ஷேர் என்ற சொல்லை எழுத என் கை கூசியது. தமிழில் அழகாகப் பங்கு என்று இருக்கும்போது எதற்கு ஆங்கிலம்? இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். கடிதத்தின் முதல் வரி இன்றும் எனக்கு மனப்பாடம். “நமது குடும்ப நிறுவனத்தின் பங்குகளைப் பிரித்து வழங்குவது குறித்து ஆலோசனை நடைபெற்று வருகிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

ஆபீஸில் எல்லோரும் படித்தார்கள். பெரியவர் படித்தார், சின்னவர் படித்தார், ஆலோசகர்களிடம்கூடக் காட்டினோம். ஒருவருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. ஏன் என்றால் என்ன சொல்ல வருகிறோம் என்று எங்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். விஷயம் தெரிந்தவன் கண்ணுக்கு எழுத்தில் உள்ள ஓட்டை தெரியாது. அச்சடித்து, தெரிந்த விலாசத்துக்கெல்லாம் தபாலில் அனுப்பினோம்.

ஒரு வாரத்தில் தொழிற்சாலை வாசலில் கூட்டம். மாட்டு வண்டியில், டிராக்டரில், சைக்கிள் கேரியரில்கூட மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சர்வீஸ் பண்ணிக் கொடுங்கள் என்றார்கள். பிரித்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி, கழற்றி, தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எங்கள் மெக்கானிக் ஏழுமலை தலையைச் சொறிந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? சின்னவர் அறைக்குப் போய், கடிதத்துக்கு எப்படி வரவேற்பு பார்த்தீர்களா என்றேன். அவரும் சந்தோஷப்பட்டு என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்படியே இரண்டு வாரம் போனபின் வந்தவர்களில் ஒருவர் மண்ணூர்க்காரர். அவரிடம், நல்ல மோட்டாரை எதற்குக் கழற்றினீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“நீங்க பிரியறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி பாத்து வாங்கிக்கினு பூடலாம்னுதான். அப்பால அண்ணன் கம்பெனிக்குப் போவறதா, தம்பி கம்பெனிக்குப் போவறதா, யாருக்குத் தெரியும்?”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு என் கடிதத்தின் முதல் வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். குடும்பம். பங்கு. பிரித்து. அந்த மூன்று சொற்களையும் ஒரே வரியில் வைத்தால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அண்ணன் தம்பிக்குள் சண்டை, பாகப்பிரிவினை, சொத்தைப் பிரிக்கிறார்கள். அதை மகிழ்ச்சியுடன் வேறு தெரிவித்திருக்கிறேன்.

அவர் போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். அவருடைய கழனிக்குப் பக்கத்தில் தனபாக்கியம் என்று ஓர் அம்மா. கணவர் இல்லை. மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒன்றரை ஏக்கரைத் தனியாளாகப் பயிர் செய்கிறவர். கோடையில் நட்ட சொர்ணவாரிப் பட்டத்து நெல், கதிர் பால் பிடிக்கும் சமயம். அவர் மோட்டார் எரிந்து ஒன்பது நாள் ஆகிறதாம். கம்பெனிக்குப் போய் மாத்து மோட்டார் வாங்கி வரலாம் என்றால் வரமாட்டேன் என்கிறாராம்.

நல்ல மோட்டார் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் வாசலில் நிற்கிறார்கள். எரிந்த மோட்டார்க்காரர் வரவில்லை.

ஸ்டோருக்கு ஓடினேன். அன்றைக்கென்று பார்த்து ஆலோசகர்கள் இரண்டு பேர் வந்து, கம்பெனியில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரை ஸ்டோரிலிருந்து ஒரு ஆணிகூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. முதலாளிகள் இருவரும் மெட்ராஸ் போயிருந்தார்கள், மத்தியானத்துக்கு மேல்தான் வருவார்கள். ஸ்டோர் கீப்பர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன், அவரைத் தப்பு சொல்ல முடியாது. சாயங்காலம்வரை காத்திருக்கலாம்தான். ஒன்பது நாள் பொறுத்த பயிர் இன்னும் அரை நாள் பொறுக்காதா என்று ஒரு மனம் சொல்லவும் செய்தது. ஆனால் அந்த ஒன்பது நாளும் என்னால் வந்தது. பத்தாவது நாளையும் என் கையாலேயே சேர்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஸ்டோர் கதவில் மாட்டியிருந்த பலகையில் சாக்பீஸால், ‘ஒரு மாத்து மோட்டார் எடுத்துப் போகிறேன், பொறுப்பு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டோர் கீப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏழுமலையும் நானும் மோட்டாரை வேனில் ஏற்றினோம்.

தனபாக்கியம் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வேனைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வா சார் என்றார். அவருக்குப் பின்னால் கழனி தெரிந்தது. தாழ்வான கீழ்ப் பாதி வாடியிருந்தது, அவ்வளவுதான். மேட்டுப் பக்கம் மேல் பாதி வெளுத்துப்போய், கதிர் குனியாமல் விறைத்து நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை என்றால்தான் கதிர் அப்படி நிற்கும்.

ஏழுமலை எரிந்ததைக் கழற்றி, கொண்டுபோனதை மாட்டினான். மோட்டார் ஓட்டும் த்ரீ ஃபேஸ் கரண்ட் இரண்டு மணிக்குத்தான் வரும். மூன்று பேரும் வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். அப்போதுதான் கேட்டேன், ஏம்மா வரவில்லை, எரிந்த அன்றைக்கே கொடுத்திருப்போமே என்று.

“சண்ட நடக்கற வூட்ல போயி கைய நீட்டுனா நல்லாவா கீது, சார்? எங்க வூட்டுக்காரரும் அவுரு தம்பியும் பாகம் பிரிச்சப்போ ஒரு பிச்சக்காரன்கூட எங்க வாசல்ல வந்து நிக்கல. அவனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா?”

கம்பெனி பிரியவில்லை, அண்ணன் தம்பிக்குள் ஒரு மனத்தாங்கலும் இல்லை, அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீயா எழுதன? நல்லாத்தான் எழுதிக் கீற. அப்படியே பத்திரம் மாதிரி.”

அதில் கேலி இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். அண்ணன் தம்பி இன்னும் ஒரே உலையில்தான் சாப்பிடுகிறார்களா? மத்தியானம் ஒரே கேரியரில்தான் சாப்பிடுகிறார்கள், தினமும் நான் பார்க்கிறேன் என்றேன். அவர் முகம் தெளிந்தது. நான் எத்தனை விளக்கியும் தெளியாத முகம் அந்தக் கேரியரில் தெளிந்தது.

தெளிந்ததோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? ஷேர் என்றால் என்ன என்று விளக்கப் புறப்பட்டேன். வீட்டுப் பங்கு இல்லை, வெளி ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்வது, மெட்ராஸ்காரர், பம்பாய்க்காரர் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அதனால் கம்பெனி வளரும் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்போ பிரியறதுதானே அது. அண்ணந்தம்பி பிரிஞ்சா ரெண்டு வூடு. இந்தக் கதவத் தட்டி இல்லன்னா அந்தக் கதவத் தட்டலாம். ஊரே பங்காளின்னா நான் யாரு கதவத் தட்டறது? எம் மோட்டாரு யாரு பங்குல வருது சார்?”

கடிதத்தில் பிழை என்று திருத்த வந்தவன் நான். பிழையாகப் படித்தவரோ, நாங்கள் யாரும் யோசிக்காததைச் சரியாகப் படித்திருந்தார். நல்லவேளையாகக் கரண்ட் வந்தது. தண்ணீர் தொட்டியில் விழுந்து வாய்க்காலில் ஓடியது. அவர் எங்களை விட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார். மேல் பாதிக்கு அதைத் திருப்பவில்லை. மடையைக் கீழ்ப் பாதிக்கு மட்டும் வெட்டிவிட்டார். மேல் பாதி முடிந்துபோயிற்று என்று அதிலிருந்து எனக்குத் தெரிந்தது.

திரும்பி வந்தபோது முதலாளிகள் வந்திருந்தார்கள். ஆபீஸ் அறையில் ஆலோசகர்களும் இருந்தார்கள். பட்டியலில் ஒரு மோட்டார் குறைகிறது. என்னைக் கூப்பிட்டார்கள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை, நல்ல மோட்டார்களை, முதுகில் தட்டு வாங்கியதை, ஒன்பது நாளை, மேல் பாதியை. ஆலோசகர்களில் மூத்தவர் நல்ல மனிதர்தான். அந்த அம்மாவின் கஷ்டம் புரிகிறது, ஆனால் வெளியார் பணம் போட்ட பிறகு கம்பெனிச் சொத்து இப்படி ஒரு காகிதமும் இல்லாமல் வெளியே போகக் கூடாது, மாத்து மோட்டார் வழக்கத்தையே நிறுத்திவிடுவதுதான் ஒழுங்கு என்றார். சின்னவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் மட்டும் கேட்டார், அந்தம்மா கடைசியாக என்ன சொன்னார்கள் என்று. யார் கதவைத் தட்டுவது என்று கேட்டதை அப்படியே சொன்னேன்.

“அவங்க கேட்டதுல தப்பில்ல” என்றார் பெரியவர். “ஷேர் வெளிய போனா போவட்டும். போவாட்டியும் சரி. தட்டறதுக்குக் கதவு ஒண்ணு இருக்கணும். இனிமே அது நீதான். காகிதம் வேணும்னா நீ எழுதி வெச்சுக்கோ. அவங்ககிட்ட கேக்காத.”

ஆலோசகரைப் பார்த்து, இந்தக் கதவையும் உங்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள், கம்பெனியில் இருக்கும் சாமான்தான் என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அன்றைக்கு என்னை அவர் மன்னித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். வேலையிலிருந்து போகச் சொல்லியிருந்தால் ஒரு நாளோடு முடிந்திருக்கும். கதவாக இரு என்றது ஓய்வு பெறும்வரை முடியவில்லை.

இரண்டாவது கடிதத்தை எழுதி, அச்சுக்குப் போகுமுன் கேன்டீனில் டீ ஆற்றும் பையனுக்குப் படித்துக் காட்டினேன். அஞ்சாம் வகுப்போடு நிறுத்தியவன், கம்பெனி விவகாரம் எதுவும் தெரியாதவன். அவன் கேட்டு முடித்ததும், என்ன புரிந்தது என்று சொல்லச் சொன்னேன். இரண்டு தடவை தப்பாகச் சொன்னான், இரண்டு தடவை மாற்றி எழுதினேன். கடைசியில் மூன்று வரிதான் மிஞ்சியது. ‘அண்ணன் தம்பி பிரியவில்லை. மோட்டார் எரிந்தால் அன்றைக்கே கொண்டுவாருங்கள். மாத்து மோட்டார் எப்போதும்போல் உண்டு.’ கீழே இரண்டு முதலாளிகளின் கையெழுத்தும், என் பெயரும். கட்டுரைப் போட்டியில் அதற்குப் பரிசு கிடைக்காது. அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தக் கடிதமும், விஷயம் தெரியாத ஒருவர் காதில் விழாமல் வெளியே போனதில்லை. நீங்கள் என்ன அனுப்பினாலும் சரி, அனுப்புவதற்கு முன் கேன்டீனில் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். மேனேஜருக்குக் காட்டிப் பிரயோஜனம் இல்லை.

அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை நானே மண்ணூருக்குத் தனபாக்கியத்திடம் கொண்டுபோனேன். அறுவடை முடிந்திருந்தது. வழக்கமாக வருவதில் பாதிதான் வந்ததாம். வீட்டுச் சாப்பாட்டுக்கே இழுபறி, விதைக்கு வெளியே வாங்க வேண்டும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னார். கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அரிசிப் பானைக்கு மேலே இருந்த மாடத்தில் மடித்து வைத்தார்.

கம்பெனி ஷேர் வெளியிட்டது அதற்கு மூன்று வருஷம் கழித்து. பழைய வாடிக்கைக்காரர்களுக்கு விண்ணப்பப் படிவம் கொடுக்கச் சொன்னார்கள். தனபாக்கியத்திடமும் ஒன்று கொடுத்தேன். அதற்குள் அவரிடம் நான் சாரிலிருந்து நைனா ஆகியிருந்தேன். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

“வேணாம் நைனா. பங்காளி ஆயிட்டா சண்ட வரும். நான் வாடிக்கையாவே இருந்துக்கறேன்.”

ஊரெல்லாம் கம்பெனி மாறிவிட்டது என்று பேசினார்கள். மாறத்தான் செய்தது. புது கேட், புது சீருடை, ஆளுக்கு ஓர் அடையாள அட்டை. நான் வெளியே சொல்லாவிட்டாலும் எனக்குள் ஒரு பயம் இருந்தது. அந்த அம்மா வாங்கி மடித்துவைத்த கடிதத்தை நம்பினாரா, இல்லை என் மனம் நோகக் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டாரா? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. இன்னொரு மோட்டார் எரிந்தால்தான் தெரியும்.

அடுத்த கோடையில் ஒரு நாள் காலை கேட்டில் சத்தம். புது வாட்ச்மேன் ஒரு டிராக்டரை நிறுத்திவைத்துக்கொண்டு, பாஸ் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். டிரெய்லரில் ஒரு மோட்டார். பக்கத்தில் தனபாக்கியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய் மோட்டாரின் மேல் கை வைத்துப் பார்த்தேன். எரிந்த வார்னிஷ் வாடை அப்படியே இருந்தது, இரும்பு இன்னும் ஆறவில்லை. எரிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டேன்.

“இன்னா நைனா பாத்துக்கினு கீற? எறக்கு.”